ஏழு வண்ணக் கேபினெட்டும் ஐந்தருவி ரோட்டு ஈசலும்

கடை நடத்திய காலத்தில் நான் சொன்னதை யாரும் கேட்டதில்லை. முட்டி தேய்ந்து கடையை விட்ட பிறகு, நம் கம்ப்யூட்டர் அசெம்பிள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் வீடு தேடி வந்து, "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் எந்த மதர்போர்டில் எந்த ராம் உட்காரும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் போன் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி. அது போனில் கிடைக்காது.

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் எஸ்தர் என்று ஒருத்தி ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். அவள் கணவன் சாமுவேல் கல்யாண வீடுகளில் காமிரா தூக்குவான். அவன் எடுத்து வருவதை வெட்டி ஒட்டிப் பார்க்கிற மாதிரி ஆக்குவது எஸ்தர்தான். மூன்று வருடம் முன்பு, சித்திரை மாதத்தில், எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று தென்காசியில் என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"அண்ணாச்சி, எனக்கு ரெண்டு டிஸ்க் வேணும். ஒண்ணுல வேல பாப்பேன், இன்னொண்ணுல அதே காப்பி கிடக்கணும். அப்புறம் எங்க ரூம்ல ஈரம் சாஸ்தி, பூச்சியும் வரும். அதுக்குத் தக்கனப் பாத்து மாட்டுங்க."

நான் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கல்லா மேஜையில் டீ கிளாசுக்கு அடியில் வைத்தேன். "நீ வீடியோவ மட்டும் பாரும்மா. சாமான நான் பாக்கேன்" என்றேன்.

அந்த வருடம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. தென்காசி வட்டாரத்திலேயே பெரிய மெஷின் ஒன்றை என் கையால் மாட்டி, படம் எடுத்து, கடை வாசலில் பெரிதாக ஒட்ட வேண்டும் என்ற கிறுக்கு. விளையாட்டுப் பையன்கள் வாங்கும் மிகப் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். செங்கல் அளவு இருந்தது. அதற்கு இடம் கொடுக்க இரண்டாவது டிஸ்க்கை விட்டுவிட்டேன், எஸ்தரிடம் "ஒண்ணு போதும்மா" என்றேன். ப்ராசஸரில் இரண்டு வகை உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒன்றுக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இவ்வளவு பெரிய கார்டு வெளியே இருக்கும்போது உள்ளே சின்னது எதற்கு என்று, இல்லாததை எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் கேபினெட்டில் வைத்தேன். முன்னால் மூன்று ஃபேன், மேலே இரண்டு, பின்னால் ஒன்று. ஆறிலும் விளக்கு. சுவிட்சைப் போட்டால் தென்காசித் தேருக்கு சீரியல் செட் போட்ட மாதிரி நிறம் நிறமாய் ஓடும்.

சாமுவேல் வாயைப் பிளந்தான். எஸ்தர் மட்டும், "இந்த லைட்ட அணைக்க முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா அணைக்கணும்? இதுதான் அழகே" என்றேன். அணைக்க ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டும். சோம்பல்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "அண்ணாச்சி, டைம்லைன் விக்கல் எடுத்த மாதிரி விக்குது. கல்யாண ஃபுட்டேஜ ஓட விட்டா ரெண்டு எட்டு வச்சி நிக்குது."

"புது மெஷின்லாம்மா. பழகணும்" என்றேன்.

பழகுவதற்குக் கம்ப்யூட்டர் என்ன வண்டி மாடா? வாடிக்கையாளர் குறை சொன்னால் பதில் தெரியாதபோது நம் வாயில் வரும் பொய்கள் ஒரு டஜன் உண்டு. அதில் மட்டமானதை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். அவளும் பொறுமையாக, விக்குகிற மெஷினை வைத்துக்கொண்டு வைகாசி மாதத்துக் கல்யாணங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

அதில் ஒன்று பண்பொழி கல்யாணம். பெண் பெயர் மீனா. மலைக்கோயிலில் தாலி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. இரண்டு நாள் முன்னால் மீனாவின் அம்மா சண்முகத்தாய்க்கு நெஞ்சில் வலி வந்து, தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்று எல்லோரும் பேசியபோது, படுக்கையிலிருந்தபடியே அந்த அம்மாள், "எனக்கு நெஞ்சு வலிச்சா அவ கழுத்துக்கு என்ன? தாலியக் கட்டச் சொல்லு" என்று உத்தரவு போட்டுவிட்டார். கல்யாணம் நடந்தது. அவர் பார்க்கவில்லை. அடுத்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், திங்கள் காலையில் ஆம்புலன்ஸ்.

"அதுக்கு முன்னாடி எம் மவ கல்யாணத்த நான் பாத்துரணும். அப்புறம் கத்தி வைக்கட்டும்" என்றாராம். மீனா அழுதுகொண்டே எஸ்தரிடம் வந்தாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் தருகிறேன் என்று எஸ்தர் ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். அந்த வருடத்து முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. எஸ்தர் மெஷினில் மீனா கல்யாணத்தின் ஒரு பகுதியை வீடியோவாக எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். இருந்ததால் மெஷின் நிற்கவில்லை. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்படிக்கு மெழுகுவர்த்தி எடுக்கப் போனாள்.

இப்போது நீங்கள் ஓர் ஈசலாக இருந்து யோசித்துப் பாருங்கள். முதல் மழை. மண்ணுக்குள்ளிருந்து லட்சம் பேரோடு கிளம்பி வருகிறீர்கள். ஐந்தருவி ரோடு முழுக்க இருட்டு. ஒரே ஒரு ஜன்னலுக்குள் மட்டும் தேரோட்டம் நடக்கிறது. எங்கே போவீர்கள்?

போனார்கள். விளக்கைத் தேடிப் போனவர்களை ஃபேன்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. எஸ்தர் மெழுகுவர்த்தியோடு திரும்பி வந்தபோது கேபினெட்டுக்குள் இறக்கை மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கை சுவிட்சுக்குப் போவதற்குள் படார் என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். தேர் நின்றுவிட்டது.

உடனே எனக்குப் போன்.

"மீனா கல்யாணம் காமிரா மெமரி கார்டுல இருக்கும்லாம்மா?" என்றேன்.

"நேத்து இன்னொரு கல்யாணம் அண்ணாச்சி. கார்ட அழிச்சி அதுல எடுத்தாச்சி. அந்த ஒரு டிஸ்க்லதான் எல்லாம் கிடக்கு. நீங்க ஒண்ணு போதும்னு சொன்னியள்லா, அந்த ஒண்ணுல."

ஒன்று மட்டும் ஒழுங்காகச் சொன்னேன். "யாரும் அதத் தொடாதிய. சுவிட்சப் போட்டுப் பாக்காதிய. ப்ளக்கப் புடுங்கிப் போட்டுட்டு ரூமச் சாத்துங்க. விடிஞ்சதும் வாரேன்." பின்னால் தெரிந்தது, சாமுவேல் முடி உலர்த்தும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். எஸ்தர் அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

காலையில் சாரலில் நனைந்துகொண்டு போனேன். போகிற வழியெல்லாம் என் மூளை என்ன செய்தது தெரியுமா? டிஸ்க்கை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கவில்லை. பழியை எப்படித் தள்ளுவது என்று யோசித்தது. வாசலில் கால் வைத்ததும், "இடி விழுந்திருக்கும்மா. லைன்ல வோல்டேஜ் ஏறியிருக்கும்" என்றேன்.

எஸ்தர் மூலையில் ஒரு முறத்தைக் காட்டினாள். முறம் நிறைய ஈசல்.

"இடி இவ்வளவு எறக்கையோடயா விழும் அண்ணாச்சி?"

அதற்குமேல் மனிதன் பொய் சொல்ல முடியாது. "எந் தப்புதான்" என்றேன். சொன்ன பிறகுதான் மூளை வேலைக்கு வந்தது. இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. பொய்யைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற கையால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

திறந்து பார்த்தேன். பவர் சப்ளை எரிந்திருந்தது. மதர்போர்டு மேலெல்லாம் ஈசல்கள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. என் பையில் புது பவர் சப்ளை ஒன்று இருந்தது. மாட்டி சுவிட்சைப் போட்டால் ஓடினாலும் ஓடும். ஓடினால் நான்தான் அன்றைக்கு ராஜா. மீனாவின் மாமா வேறு அங்கே வந்து நின்று, "போட்டுப் பாருங்க அண்ணாச்சி, நேரம் போவுதுல்லா" என்று அவசரப்படுத்தினார். கை துறுதுறுத்தது. புது பவர் சப்ளையைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்.

எஸ்தர் என் கையைப் பார்த்தாள். "போட்டு, போர்டுல எங்கயாச்சும் ஷார்ட் ஆனா?"

"ஆவாது. ஆனாலும்..."

"டிஸ்க்கும் போவும்லா? போனா அந்தப் பிள்ளைக்குத் திரும்ப யாரு தாலி கெட்டுவா?"

பவர் சப்ளையைப் பைக்குள் வைத்தேன். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். மெஷின் வேறு, அதில் இருக்கிற பொருள் வேறு என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் பத்துப் பேர் பார்க்கும்போது அது எனக்கே மறந்துபோனது. அந்தக் கேள்வி வராவிட்டால் நான் சுவிட்சைப் போட்டிருப்பேன். உங்கள் கை துறுதுறுக்கும் நேரம் வரும். அப்போது பக்கத்தில் நிற்பவர்களில் யார் அவசரப்படுத்துகிறார், யார் கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். கேள்வி கேட்பவர் பக்கம் சாயுங்கள்.

டிஸ்க்கை மட்டும் கழற்றினேன். ஒரு பாக்குப் பொட்டலம் அளவுதான் இருக்கும். பாலித்தீன் பையில் போட்டு, அதை எஸ்தர் கொடுத்த டிபன் பாக்ஸில் வைத்து மூடி, எஸ்தரையும் சாமுவேலையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

கடையில் அன்று உருப்படியாக ஓடிய மெஷின் ஒன்றே ஒன்றுதான். ரயில் டிக்கெட்டும் ஜாதகமும் பிரிண்ட் எடுக்க முன்னால் வைத்திருந்தது. புதிதுதான், ஆனால் ஏழை. தகர டப்பா கேபினெட், கிராபிக்ஸ் கார்டே கிடையாது. டிஸ்க்கை அதில் இணைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை. இல்லை. எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். டிஸ்க்கை மாட்டும் முனையில், தங்க நிறப் பல்லுக்கு இடையில் இறக்கைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்து, கால் மணி நேரம் உலர விட்டேன். மூன்றாவது முறை இணைத்தபோது டிஸ்க் வந்தது. மீனா கல்யாணம் என்ற பெயரில் ஃபோல்டர் அப்படியே இருந்தது.

"ஓட்டிப் பாப்போம் அண்ணாச்சி" என்று சாமுவேல் துள்ளினான்.

"மொதல்ல காப்பி. ரெண்டு காப்பி" என்றாள் எஸ்தர்.

இரண்டு காப்பியும் எடுத்து முடிய மதியம் ஆகிவிட்டது. பிறகு அவள் தன் சாஃப்ட்வேரைப் போட்டு, ஃபுட்டேஜைத் திறந்து ஓட விட்டாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இது விக்கல."

"எது?"

"இந்த ஜாதகக் கம்ப்யூட்டரு. தண்ணி மாதிரி ஓடுது. நீங்க போட்டுத் தந்தது ரெண்டு எட்டுக்கு ஒருதடவ நிக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமுவேலின் காமிரா நிறத்தை நுணுக்கமாகப் பதிவு செய்கிற ரகம். அந்தப் படத்தைப் பிரித்துப் படிக்க நான் மாட்டிய செங்கல் கார்டுக்குத் தெரியாது. ஜாதகக் கம்ப்யூட்டரின் ப்ராசஸருக்குள் இருக்கும் அந்தச் சின்ன கிராபிக்ஸுக்குத் தெரியும். எது வேண்டாம் என்று நான் பெருமையாகத் தள்ளினேனோ, அதுதான் வேலைக்காரன். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மெஷினுக்குச் சாமான் எடுக்கும் முன்னால் சாமுவேலிடம் ஒரு ஃபைலை வாங்கி, கடையில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவள் கேட்காமலே இதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் கண்டுபிடித்திருக்கமாட்டாள். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு முறம் ஈசல் பார்த்தாயிற்று.

பாட்டு, டைட்டில், பூ விழுகிற வேலையெல்லாம் போட நேரம் இல்லை. எஸ்தர் யோசித்துவிட்டு, "அழைப்புல இருந்து பந்தி வரைக்கும் வரிசையா அடுக்கித் தாரேன். சத்தமும் அப்படியே இருக்கட்டும்" என்றாள். நான்கு மணிக்கு முடித்தாள். சாமுவேலின் லேப்டாப்பில் ஏற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

சண்முகத்தாய் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீனா லேப்டாப்பை அவர் மடியில் வைத்தாள்.

தாலி கட்டும் இடம் வந்தது. சண்முகத்தாய் மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டி முடிந்ததும், "மூணு முடிச்சும் ஒழுங்காத்தான் போட்டிருக்காவ" என்று மட்டும் சொன்னார். எஸ்தர் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

பிறகு பந்தி. அந்த அம்மாளுக்கு உயிர் வந்துவிட்டது. "எலைய எவன் போட்டான்? நுனி எந்தப் பக்கம் கிடக்கு பாரு." "அந்த மஞ்சச் சட்ட யாரு? நம்மாளு இல்லையே, சும்மா வந்து தின்னுட்டுப் போறான்."

அப்போது லேப்டாப்பிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. காமிராவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சண்முகத்தாயின் நாத்தனார், தன் அண்ணன் மனைவியைப் பற்றி.

"மைனி ஆஸ்பத்திரில கெடந்ததும் ஒரு வகையில நல்லதுதான். இங்கன இருந்தா சாம்பார்ல உப்பு இல்லன்னு முகூர்த்தத்தையே நிப்பாட்டிருப்பா."

மீனா லேப்டாப்பை மூடப் போனாள்.

"மூடாத. திருப்பிப் போடு" என்றார் சண்முகத்தாய்.

போட்டாள். இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டார். முகம் சிவந்தது. பக்கத்தில் இருந்த கருவி கீ கீ என்று கத்தியது. நர்ஸ் ஓடி வந்து, பிரஷர் பார்த்து, எங்கள் நான்கு பேரையும் கோழி விரட்டுகிற மாதிரி வெளியே விரட்டிவிட்டாள்.

வராந்தாவில் எஸ்தர் சுவரில் சாய்ந்து நின்றாள். "நான் பாட்டுப் போட்டிருந்தா அது கேட்டிருக்காது அண்ணாச்சி. அந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நாந்தான்."

"நீ இல்லம்மா. மெஷின் நின்னதாலதான் நேரம் இல்லாமப் போச்சி. அது என் கணக்கு" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உண்மை அதுதான்.

திங்கட்கிழமை திருநெல்வேலியில் டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு ஆபரேஷனை ஒரு நாள் தள்ளிவைத்தார். அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று எஸ்தரின் மெஷினை மாட்ட உட்கார்ந்தேன். இந்த முறை எஸ்தர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு சாமானையும் கையில் வாங்கிப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடிந்ததை மட்டும் மாட்டினோம். உள்ளே சின்ன கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர். நடுத்தரமான கார்டு. இரண்டு டிஸ்க். நான்கு பக்கமும் இரும்புத் தகடு, காற்று போகும் இடத்தில் மெல்லிய வலை. ஒரு பொட்டு விளக்குகூடக் கிடையாது. பார்க்க அரிசி டின் மாதிரி இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம், கடைசித் தகட்டை மூடப் போகும்போது எஸ்தரின் போன் அடித்தது. மீனா. எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு. அம்மா கண்ணு முழிச்சிட்டா. உள்ள போவும்போது டாக்டர்ட்ட என்ன சொன்னா தெரியுமா? 'எங்க நாத்தனாட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டியது பாக்கி இருக்கு, பாத்து அறுங்க'ன்னு சொன்னாளாம்."

எஸ்தர் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். நான் கையிலிருந்த ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"முழு வீடியோ எப்ப வரும்னு கேக்கா அக்கா. பாட்டோட."

மேஜைக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கி, வந்த சந்தோஷத்தில், "நாளைக்கே தந்துரலாம்னு சொல்லும்மா!" என்றேன்.

எஸ்தர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, வேல பாக்கப்போறது நானு. என்னைக்குன்னு நாஞ் சொல்லுதேன்."

பிறகு கையை எடுத்துவிட்டு, "பத்து நாளாவும்னு அம்மாட்ட சொல்லு மீனா" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு தகட்டை மாட்டினேன்.